ஜப்பான் குதிரையும் கொரியாக் குதிரையும்

அவர் வந்துவிட்டார் என்பதை எங்களுக்குச் சொல்வது அவருடைய டாக்சியின் கதவுதான். மூன்று தடவை சாத்தினால்தான் அது சாத்தும். முதல் சாத்துக்கு எங்கள் அம்மா டீத்தண்ணியை அடுப்பில் வைப்பார். இரண்டாவது சாத்துக்குச் சீனி டப்பாவைத் திறப்பார். மூன்றாவது சாத்து முடிந்ததும் கடையிலிருந்து அத்தாவின் குரல் வரும். "டிரைவரு வந்துட்டாரு. ஒரு டீ குடுங்க."

அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எங்கள் கடை. கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு வாசல், வாசலில் ஒரு திரை. கிணற்று மோட்டாருக்கும் ஆயில் எஞ்சினுக்கும் வேண்டிய பெல்ட்டு, வாஷர், ரப்பர் ஹோஸ் எல்லாம் அத்தா விற்றார். நான் வயசுக்கு வந்த பிறகு அந்தத் திரையைத் தாண்டிக் கடைக்குள் போனதில்லை. ஆகையால் அந்த டிரைவர் மாமாவை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். அவர் மீசை எப்படி இருக்கும் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்போதே பேசிக் காட்டுவேன்.

இரண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. எது தேறும், எது தேறாது என்று சொல்லியாக வேண்டும். யாரும் கேட்டிருக்க வேண்டியதில்லை. பக்ரீதுக்கு அத்தா இரண்டு ஆட்டைப் பார்த்து வைத்திருப்பார், அவர் வந்து அரை நிமிடம் நிற்பார், "வலப்பக்கம் நிக்கிறது பாய்" என்பார், அம்புட்டுத்தான். டவுனில் அப்போது பேர் எடுத்த டாக்டர்கள் இரண்டு பேர். யாரிடம் போவது என்று டீக்கடையில் ஒரு சண்டை. நம் ஆள் சொன்னது: "அவரு ஊசிக்கு இழுவை ஜாஸ்தி. இவரு பேச்சுக்கு இழுவை ஜாஸ்தி. காய்ச்சல்னா அங்க போ. கவலைன்னா இங்க போ." டாக்டர்கள் காதுக்கே அது போய்விட்டது என்பார்கள்.

இழுவை என்பது அவருடைய வார்த்தை. எங்கள் கடைக்கு வருகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் எல்லாம் குதிரைக் கணக்கில் பேசுவார்கள். அஞ்சு குதிரை மோட்டாரு, ஏழரை குதிரை மோட்டாரு. அத்தாவும் ஆள் வந்து நின்றதும் பேரைக் கேட்க மாட்டார், "எத்தனை குதிரை?" என்றுதான் கேட்பார். டிரைவர் மாமா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "குதிரை காயிதத்துல இருக்கு பாய். இழுவை மண்ணுல இருக்கு. காயிதத்துல எத்தனை வேணாலும் கட்டலாம், புல்லா போடப்போறோம்?" என்பார்.

எனக்கு அப்படிப்பட்ட பேச்சென்றால் உயிர். கேட்டதை எல்லாம் முந்தானையில் காசு முடிகிற மாதிரி மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். ஆனால் முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும்போதுதான் குழப்பம் வரும்.

எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒருநாள் கடைக்கு வந்தார்கள். லோன் கிடைத்திருந்தது, கிணற்றுக்கு ஒரு ஆயில் எஞ்சின் வாங்க வேண்டும். அண்ணனுக்கு அஞ்சு குதிரை போதும். தம்பிக்கு எட்டு குதிரைதான் வேண்டும். எங்கள் கடைக்கு முன்னால் அன்றைக்கு இரண்டு எஞ்சின் விலைக்கு இறங்கியிருந்தது, இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அண்ணனும் தம்பியும் சண்டை.

"எட்டு வாங்குனா நாளைக்கு நமக்கு நாலு பேரு மரியாதை குடுப்பான்."

"ஏலே, தண்ணி பாச்ச வாங்குறியா, மரியாதை பாச்ச வாங்குறியா?"

கார்க் கதவு மூன்று தடவை சாத்தியது. அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். டிரைவர் மாமா இரண்டு எஞ்சினையும் கையால் தட்டிப் பார்த்த சத்தம் எனக்குக் கேட்டது. "அஞ்சை எடுங்கப்பா" என்றார். தம்பிக்காரன் முனகிக்கொண்டே எடுத்துப் போனான். அதே எட்டு குதிரையை அவர்கள் பக்கத்துப் புஞ்சைக்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மாசம் போயிருக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு மூட்டை கம்போடு வந்து இறங்கினார்கள். பக்கத்துப் புஞ்சைக்காரருடைய எட்டு குதிரை அரை மணி நேரத்தில் கிணற்றை உறிஞ்சி எடுத்துவிடுமாம். அப்புறம் ஊற்று ஊறுகிற வரைக்கும் அது மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா கிடக்குமாம். இவர்களுடைய அஞ்சு குதிரை ஊற்று ஊற ஊற இறைத்துக்கொண்டு பொழுதுக்கும் ஓடுகிறதாம். "எங்க கிணத்து ஊத்து எம்புட்டுன்னு ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று தம்பிக்காரன் கேட்டான். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. நான் திரையை ஒட்டி வந்து நின்றேன்.

"கிணத்தை நான் எங்கப்பா பாத்தேன்?" என்றார் டிரைவர் மாமா. "அஞ்சுக்கு அடிச்சிருந்த பெயின்டு நல்லா இருந்துச்சு."

கடையே சிரித்தது. அத்தா சிரித்துப் புரையேறி இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொல்லி மாட்டிக்கொண்டாரா, தெரிந்ததை மறைக்கத்தான் பெயின்ட்டைச் சொன்னாரா? அம்மாவிடம் கேட்டேன். "ஆம்பளைக பேச்சுல பாதியை வடிச்சுக் கொட்டணும்" என்றார் அம்மா. எந்தப் பாதியை என்று அவர் சொல்லவில்லை.

இன்னொரு தடவை திருச்சுழிக்கு அந்தாண்டை ஒரு ஊரில் என் சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பார்க்கப் போனோம். ஐப்பசி மாசம், முதல் நாள் ராத்திரி நல்ல மழை. பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் கரிசல். மழைக்குப் பிறகு கரிசல் மண் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். காலை வைத்தால் செருப்பை வாங்கிக்கொண்டு வெறுங்காலை அனுப்பும். டாக்சி நாலு பாகம் தூரம் போய் நின்றுவிட்டது. நல்லவேளையாக எங்களுக்குப் பின்னாலேயே பஞ்சுப் பொதி ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று வந்தது. லாரிக்காரர் சின்ன வயசு, நல்ல உற்சாகம். "நகருங்கண்ணே, நம்ம எஞ்சினுக்கு இதெல்லாம் பலகாரம்" என்று சொல்லி, சுற்றி முன்னால் போய்க் கயிறு கட்டி இழுத்தார். லாரிச் சக்கரம் உறுமிக்கொண்டு சுற்றியது. சுற்றச் சுற்ற இறங்கியது. அச்சு மண்ணைத் தொட்டதும்தான் நிறுத்தினார்.

டிரைவர் மாமா எங்களை இறங்கச் சொன்னார். பக்கத்துப் புஞ்சையில் பிடுங்கிக் கட்டிப் போட்டிருந்த காய்ந்த பருத்திமார்ச் செடியில் இரண்டு கட்டு எடுத்துவந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார். கயிற்றை அவிழ்த்தார். வண்டிக்குள் ஏறி, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தாய் எழுந்திருப்பாளே, அந்த மாதிரி வண்டியை மெதுவாக நகர்த்தினார். உறுமல் இல்லை. வண்டி வெளியே வந்துவிட்டது. லாரிக்காரர் முழங்கால் சேறோடு நின்று, "எப்படிண்ணே?" என்றார்.

"ஒன் எஞ்சினுக்குப் பலம் இருக்குன்னு ஒனக்குத் தெரியும் தம்பி. என் எஞ்சினுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். கரிசல்ல பலசாலிதான் மொதல்ல பொதைவான்."

இதை நான் என் காதால் கேட்டேன், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் நாலு நாள் கழித்துக் கடையில் அவரே இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்கிறார்! லாரிதான் டாக்சியை இழுத்து வெளியே போட்டதாம். "என்னா இழுவைங்கிறீக! அந்த லாரி மட்டும் வரலேன்னா இந்நேரம் எங்களுக்குப் மூணாம் நாள் ஃபாத்திஹா ஓதியிருப்பீக" என்கிறார். அம்மாவிடம் ஓடினேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த லாரிக்கார முதலாளி கடையில உக்காந்திருக்காரோ என்னமோ. அந்தப் பையன் வேலை தப்பட்டும்னு சொல்லியிருப்பாரு" என்றார். இருக்கலாம். திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முதலாளியும் தெரியாது, தொழிலாளியும் தெரியாது.

இதெல்லாம் நான் பள்ளிக்கூடம் போனபோதும், போவதை நிறுத்தின புதுசிலும் நடந்தவை. எழுபதுகள் முடியப்போகிற சமயத்தில் எனக்கே ஒரு விவகாரம் வந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

எங்கள் ஆட்கள் அப்போதுதான் அரபு நாடுகளுக்குக் கிளம்பிப் போக ஆரம்பித்திருந்தார்கள். தரகர் ஒருவர் இரண்டு வரன் கொண்டுவந்தார். ஒன்று பாலவனத்தம் பக்கத்துக் குடும்பம், பையன் குவைத்தில் ஒரு அரபி வீட்டில் ஜப்பான் கார் ஓட்டுகிறார். இன்னொன்று திருச்சுழிப் பக்கத்துக் குடும்பம், பையன் சவூதியில் ரோடு போடுகிற ஒரு கொரியாக் கம்பெனியில் கொரியா கார் ஓட்டுகிறார். இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். கலர் போட்டோ. இரண்டிலும் ஆளைவிடக் கார்தான் பெரிசாகத் தெரிந்தது.

"கொரியாக்காரன்கூட காரு செய்யுறானா?" என்று அத்தா கேட்டது உள்ளே கேட்டது.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கான் பாய். ஆனா நல்ல வேகம்" என்றார் தரகர்.

"அது சரி. எத்தனை குதிரை?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குப் பேரு என்னான்னு இன்னும் கேக்கல. குதிரையைக் கேக்குறாக."

அத்தாவின் கணக்கு அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. இருபது வருசம் மோட்டார் சாமான் விற்ற மனுசர். பெரிய எஞ்சின் கேட்டு வருகிறவன் பெரிய கிணறு வைத்திருப்பான், பெரிய கிணறு வைத்திருப்பவனிடம் வேலை செய்கிறவன் சோற்றுக்குக் கஷ்டப்பட மாட்டான். அரபு நாட்டிலும் அப்படித்தானே இருக்கும்? சின்ன வண்டிக்காரன் எந்த நிமிடமும் டிரைவரை ஊருக்கு அனுப்பிவிடுவான். பெரிய வண்டிக்காரன் அனுப்ப மாட்டான். மகளைக் கொடுத்துவிட்டு நாளைக்குக் கண்ணைக் கசக்கக் கூடாது என்றால் எந்த எஞ்சினுக்குச் சக்தி அதிகம் என்று தெரிந்தாக வேண்டும்.

தரகரும் இதைப் புரிந்துகொண்டார். முதல் தடவை வந்தபோது ஜப்பான் காருக்கு அறுபது குதிரை என்றார், கொரியாவுக்கும் அறுபது. அடுத்த வாரம் பாலவனத்தம் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார், ஜப்பான் எழுபத்தஞ்சு ஆகிவிட்டது. அதற்கடுத்த வாரம் திருச்சுழிப் பக்கம் போய் வந்தார், கொரியா எண்பதுக்கு ஏறிவிட்டது. "இன்னொரு பெருநாள் வந்துச்சுன்னா ரெண்டும் ரயில் எஞ்சின் ஆயிரும்" என்றார் அம்மா. கடைசியில் அத்தாவே சொல்லிவிட்டார், "நம்ம டிரைவரு வரட்டும். அவரு சொல்றதுதான் முடிவு."

அந்த இரண்டு போட்டோவையும் அம்மா அரிசி டின்னுக்கு மேல் வைத்திருந்தார். யாரும் இல்லாத நேரம் எடுத்துப் பார்த்தேன். ஜப்பான் கார்க்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், கார் நல்ல சிவப்பு, பளபளவென்று இருந்தது. கொரியா கார்க்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார், கார் சேற்று நிறம். இரண்டில் ஒருவரோடு நான் காலம் தள்ள வேண்டும். யார் நல்லவர் என்று போட்டோவில் எப்படித் தெரியும்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும்தான் எனக்குத் தெரியும், தீர்ப்புச் சொல்லப்போகிறவர் பெயின்ட்டைப் பார்த்து எஞ்சின் எடுக்கச் சொன்ன மனுசர். பெயின்ட்டுக்காகச் சிவப்புக் காரைக் காட்டிவிட்டால் என் கதி?

கதவு மூன்று தடவை சாத்தியது. அத்தா விவரத்தைச் சொல்லிப் போட்டோவைக் கொடுத்தார்.

"ஆளை மறைச்சுக்கிட்டுப் பாக்கணும் பாய்" என்றார் டிரைவர் மாமா. "இல்லேன்னா மூஞ்சி கண்ணை இழுத்துரும்."

கட்டை விரலால் மறைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா டீயைத் திரைக்கு வெளியே நீட்டினார், அத்தா வாங்கி வைத்தார். டீ ஆறியிருக்கும். கடைசியில் அந்தக் குரல் வந்தது. "ரெண்டு நாள் குடுங்க பாய்."

"ரெண்டு நாளா? ஆட்டுக்கு அரை நிமிசம் எடுக்குறவரு!"

"ஆட்டைத் தட்டிப் பாக்கலாம் பாய். இது காயிதமால்ல இருக்கு."

அந்த இரண்டு நாளும் மனுசர் வாடகைக்கே போகவில்லையாம். பாலவனத்தத்துக்குப் போய், குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒருவரைப் பிடித்து விசாரித்தாராம். மதுரைக்குப் போய் ஏதோ ஒர்க் ஷாப்பில் போட்டோவைக் காட்டினாராம். திரும்பி வந்தவர் நேராகக் கடைக்கு வந்து, "ஜப்பான்தான் பாய். உலகம் பூரா ஓடிப் பழகுன எஞ்சினு" என்றார். நான் நினைத்த மாதிரியே சிவப்பு. அத்தா தரகருக்கு ஆள் அனுப்பினார்.

தரகர் வருவதற்குள் மறுநாள் காலையில் டாக்சி மறுபடியும் வந்து நின்றது. "பாய், அவசரப்படாதீக. கொரியாதான்."

"என்னது?"

"லீவுல வந்திருக்கவரை நேத்து மறுபடி போயி நோண்டுனேன். அவரு சொல்றாரு, அந்தக் கொரியா காருக்கு எஞ்சினே ஜப்பான்காரன் எஞ்சினுதானாம். வாங்கி உள்ள வச்சு, வெளிய இருக்க பொட்டியை மட்டும் கொரியாக்காரன் தட்டுறானாம். அப்ப ரெண்டும் ஒண்ணுதான. ரெண்டும் ஒண்ணுன்னா புதுசுக்குத்தான இழுவை?"

"ரெண்டும் ஒரே எஞ்சினுன்னா நான் எதை வச்சுய்யா முடிவு பண்றது?" என்று அத்தா கத்தினார். அவரிடம் அத்தா சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. ஜப்பான் கட்சி, கொரியா கட்சி என்று பஸ் ஸ்டாண்டே இரண்டாகப் பிரிந்து நின்றதாம். இரண்டு நாட்டு வண்டியையும் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. தரகர் வந்து கெடு வைத்துவிட்டார், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வீட்டுக்குச் சரி சொல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டு வீட்டாரும் வேறு பெண் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா வந்தார், தரகர் வந்தார். டாக்சியும் வந்தது. அன்றைக்குக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கவில்லை, திறந்தபடியே போட்டுவிட்டு வந்திருப்பார் போல.

"பாய், ஒண்ணு கேக்குறேன். அந்த ரெண்டு பயலுகளும் அந்த வண்டிகளுக்குச் சொந்தக்காரனுகளா?"

"டிரைவர் வேலை பாக்குறவன் எப்படிச் சொந்தக்காரனா இருப்பான்?" என்றார் தரகர்.

"அதான் சொல்றேன். குதிரை எத்தனைன்னு நீங்களும் கேட்டீக, நானும் ஊரெல்லாம் கேட்டேன். குதிரை யாருதுன்னு ஒருத்தரும் கேக்கல. எண்பது குதிரையும் அரபிக்குத்தான, கம்பெனிக்குத்தான இழுக்குது? பிள்ளை குடிக்கிற கஞ்சிக்கு அதுல ஒரு குதிரைகூட வராது பாய்."

"ஒங்களுக்கு என்ன, ஒங்க வண்டி ஒங்களுது. நீங்க பேசுவீக" என்றார் அத்தா.

அவர் பெஞ்சிலிருந்து எழுந்த சத்தம் கேட்டது.

"இல்ல பாய்."

"என்ன இல்ல?"

"வண்டி என்னுது இல்ல. மொதலாளி மதுரையில இருக்காரு. நான் சம்பளத்துக்கு ஓட்டுறேன்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் ஒருத்தருக்கும் அது தெரியாது. என் வண்டி, என் வண்டி என்றுதான் அவர் சொல்வார். ஆயுத பூஜைக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்து, கடை கடையாகப் பொரி கொடுப்பார். சொந்த வண்டிக்காரர் என்ற பேருக்குத்தான் டாக்டர் விவகாரமும் எஞ்சின் விவகாரமும் அவரிடம் வந்தன.

முதலில் சிரித்தது தரகர்தான். "நல்லாருக்கு! சொந்தத்துல ஒரு சக்கரம் இல்லாதவரு ஒலகத்துல இருக்க வண்டிக்கெல்லாம் தீர்ப்பு சொன்னாராக்கும்!"

டிரைவர் மாமாவின் செருப்புச் சத்தம் படி இறங்கிப் போனது. டீயை அவர் தொடவே இல்லை.

அத்தா அப்புறம் திரையைப் பார்த்து, அம்மாவிடம் கேட்பதுபோல, "இப்ப எதை வச்சுப் பாக்குறது?" என்றார். அந்தக் குரல் எனக்குப் புதுசு. இருபது வருசம் எதையும் குதிரையால் அளந்தவர், அளக்கிற படியைத் தொலைத்தவர் மாதிரிக் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"ரெண்டு பேரையும் வண்டி இல்லாம ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கத்தா."

கடையில் என் குரல் கேட்டது அதுதான் முதல். தரகர், "ஆத்தாடி, பொண்ணு பேசுது!" என்றார். அம்மா என் தொடையில் கிள்ளினார். அத்தா மட்டும் சத்தம் போடவில்லை. ஒரு மடக்கு தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது. "அப்படியே எழுதிப் போடுங்க" என்றார்.

பாலவனத்தம் வீட்டுக்கு ரொம்பக் கோபம். "வண்டி இல்லாம போட்டோ அனுப்புனா பையனுக்கு வேலை போயிருச்சுன்னு ஊரு பேசாதா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து போட்டோ வரவில்லை. திருச்சுழி வீட்டார் மட்டும் பொறுத்திருந்தார்கள். ஒன்றரை மாசம் கழித்துச் சவூதித் தபால்தலை ஒட்டின கவர் ஒன்று வந்தது. வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் சட்டை கசங்கிய ஒரு ஆள், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறார். போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தார்: "இதில் இருப்பது நான் மட்டும்தான்." அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததை அம்மா பார்த்துவிட்டார். அன்றைக்கே திருச்சுழி வீட்டுக்குச் சரி சொல்லி ஆள் போனது.

டிரைவர் மாமாவிடம்தான் ஊர் மாறி நடந்தது. டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால், "மொதலாளிகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணே" என்று இளவட்டங்கள் கிண்டல் பண்ணுமாம். ஆட்டைத் தட்டிப் பார்க்கவும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எங்கள் கடைக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். அத்தா டீ சொல்வார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், மற்றதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நிக்காஹ் முடிந்து நான் திருச்சுழிப் பக்கம் போனது அவருடைய டாக்சியில்தான். வேறு வண்டி பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், அத்தா காதிலேயே வாங்கவில்லை. முன் சீட்டில் அவர் பக்கத்தில் என் மாப்பிள்ளை, பின்னால் நானும் மாமியாரும். பாதி வழியில் எஞ்சின் சூடாகிவிட்டது என்று வேலிமரத்து நிழலில் நிறுத்தினார். மாமியார் கண் அசந்திருந்தார். மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவரக் குடத்தோடு கிணற்றுப் பக்கம் போனார். நான் கண்ணாடியை இறக்கினேன். இதை இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

"மாமா, அன்னிக்கு ஏன் வண்டி ஒங்களுது இல்லன்னு சொன்னீக? எனக்காகவா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒனக்காகவா! இல்ல தாயி. அந்த ரெண்டு வண்டியில எதுக்கு இழுவைன்னு எம்புட்டு முட்டியும் எனக்குக் கண்டுபிடிக்க முடியல. தோத்துட்டேன். தோத்ததை மறைக்கணும்ல, ஏதாவது ஒண்ணைச் சொல்லியாகணும்ல. வாயில வந்ததைச் சொன்னேன்."

"அப்ப வண்டி ஒங்களுதா, இல்லையா மாமா?"

"மாப்ள வாராரு பாரு. முக்காட்டைப் போடு" என்றார்.

தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகினார். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் என் மாப்பிள்ளை, சும்மா பேச்சுக்குத்தான், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, இந்த வண்டி எத்தனை குதிரை?"

அவர் உடனே ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ஒரு பாலத்தைத் தாண்டினோம். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

"தெரியாது மாப்ள" என்றார்.

"எத்தனை வருசமா ஓட்டுறீக?"

"பதினெட்டு."

"தெரியாது" என்ற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நிஜமாகவே அவருக்குத் தெரியாதா, இல்லை வண்டி அவருடையதா என்று நான் கேட்டதற்குத்தான் அப்படிப் பதில் சொன்னாரா? இன்றைக்குவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.